நீலம் ஓடிய பால்

பால் வெள்ளை என்று நம்பிக்கொண்டுதான் நீங்களும் இந்தப் பால் சோதிக்கும் வேலைக்கு வந்திருப்பீர்கள். பரவாயில்லை. நானும் அப்படித்தான் வந்தேன். பட்டம் வாங்கி, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு அணிந்து, முதல் நாள் காலையில் வரிசையாக நின்ற கான்களின் மூடிகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. ஒன்று வெண்ணெய் நிறம், ஒன்று சுண்ணாம்பு நிறம், ஒன்று பழைய வேட்டியின் நிறம். பால் அளக்கும் அன்ரனிடம் இது ஏன் என்று கேட்டேன்.

"பால் பால் நிறமாய்த்தான் மிஸ் இருக்கும்" என்றார்.

அந்த விளக்கத்தோடு ஓய்வூதியம் வரைக்கும் காலம் தள்ளலாம். தள்ளியவர்களை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்வதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன்.

பாலுக்குள் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. தண்ணீரில் கொழுப்பு உருண்டைகளும் கேசீன் என்ற புரதத்தின் நுண்ணிய துணுக்குகளும் மிதக்கின்றன. மேலே விழும் ஒளியை அவை தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை; எல்லாப் பக்கமும் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். எல்லா நிறமும் ஒன்றாகத் திரும்பி வந்தால் நம் கண் அதை வெள்ளை என்கிறது. கொழுப்பு உருண்டைகள் பெரியவை, பாரபட்சம் பாராமல் எல்லா நிறத்தையும் சிதறடிக்கும். கொழுப்புக் குறைந்துவிட்டால் புரதத் துணுக்குகள் மிஞ்சும். அவற்றுக்கு நீலத்தின்மேல் ஒரு தனிப் பிரியம். அதனால் ஆடை எடுத்த பாலில் ஒரு நீலம் ஓடும். மாரி காலத்தில் பச்சைப் புல் மேய்ந்த பசுவின் கொழுப்பிலோ கரட் கிழங்குக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள் ஏறி, பால் இலேசான மஞ்சளாக இருக்கும்.

விஞ்ஞானம் இவ்வளவுதான். பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். நான் சொல்ல வந்தது, இந்த விஞ்ஞானம் ஒரு பிழையும் இல்லாமல் வேலை செய்த ஒரு மாரியைப் பற்றி. அந்த மாரியில் பயந்ததுபோல என் உத்தியோக காலத்தில் நான் வேறெப்போதும் பயந்ததில்லை.

வடமராட்சியில் இருந்தது எங்கள் பால் சேகரிப்பு நிலையம். காலையில் ஊர்ப்பால் எல்லாம் வரும். நான் சோதித்துச் சரி என்றால் பெரிய தாங்கிக்குள் போகும். தாங்கியிலிருந்து பவுசர் லொறி ஏற்றிக்கொண்டு தெற்கே தொழிற்சாலைக்குப் போகும். அந்த மாரியின் தொடக்கத்தில் ஒரு முழுப் பவுசர் திரும்பி வந்தது. யாரோ ஒருவருடைய கலப்படம் எல்லோருடைய பாலையும் கெடுத்திருந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் இந்தப் பாதைக்கே பவுசர் வராது என்று தொழிற்சாலை அறிவித்துவிட்டது. பவுசர் வராவிட்டால் அத்தனை வீடுகளும் பாலை என்ன செய்வது? பால் காத்திருக்கும் பொருள் அல்ல.

அன்றிலிருந்து எங்கள் பாற்சங்கத் தலைவர் தினமும் காலையில் வந்து என் பக்கத்தில் நிற்கத் தொடங்கினார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஊருக்காகப் பயந்த மனிதர், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவருடைய பயம் எப்போதும் சத்தமாகத்தான் வெளியே வரும்.

ஒருநாள் அவர் ஒரு கானுக்குள் அகப்பையை விட்டு அள்ளி, வெயிலுக்கு நேரே பிடித்தார்.

"மிஸ், உதென்ன நிறம்? கொழும்புத்துறைக் கடலிலை மொண்டு கொண்டு வந்ததோ?"

"கடலெண்டால் உப்புக் கரிக்குமே ஐயா, ருசி பாக்கட்டோ?" என்றார் அன்ரன்.

"நீர் சும்மா இரும்."

பாலில் நீலம் ஓடியிருந்தது உண்மைதான். கானைக் கொண்டு வந்தவள் உடுப்பிட்டிப் பக்கத்து இளம் பெண். மலர் என்று வைத்துக்கொள்வோம். அது அவளுடைய பெயரல்ல. அவள் கணவரின் பெயரையும் சொல்லமாட்டேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். சங்கத்தில் கணவர்தான் உறுப்பினர், வழக்கமாகப் பால் கொண்டு வருபவரும் அவர்தான். கொஞ்ச நாளாக இவள் வந்துகொண்டிருந்தாள்.

"அவருக்கு நாரிப்பிடிப்பு மிஸ். இடுப்பை அசைக்க ஏலாமல் கிடக்கிறார்" என்றாள்.

பால்மானியை விட்டேன். தண்ணீர் சேர்ந்த பாலில் அது ஆழமாக அமிழும். இதில் வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்தே நின்றது. ஆகவே தண்ணீர் இல்லை. கொழுப்பைச் சோதித்தேன், படுமோசமாகக் குறைந்திருந்தது. ஆடையை யாரோ எடுத்திருக்கவேண்டும். அல்லது ஆடை இந்தக் கானுக்கு வந்து சேரவே இல்லை. தலைவர் முதலாவது காரணத்தோடு நின்றுவிட்டார்.

"வீட்டிலை நெய் உருக்குப்படுது. வேறை என்ன?"

"இல்லை ஐயா! சாமி சத்தியமாய் நான் ஒண்டும் எடுக்கேல்லை."

"தரம் குறைவு எண்டு ஒதுக்கி வைக்கலாம். அதுக்குமேலை இண்டைக்கு ஒண்டும் சொல்ல ஏலாது" என்றேன் நான்.

"சரி. அடுத்த கூட்டம் வரைக்கும் உப்பிடியே வந்தால் விசாரணை. உறுப்பினர் நேரிலை வந்து பதில் சொல்லவேணும். விதி அதுதானே, மிஸ்?"

விதி அதுதான். எல்லா விதியும் எனக்குத் தெரியும் என்பதால் மறுக்க வழியில்லை.

"அவர்தானோ வரவேணும்? நான் வந்தால் காணாதோ?" என்று கேட்டாள் மலர்.

"பெயர் அவரின்ரையெல்லோ, பிள்ளை. நாரிப்பிடிப்பெண்டால் ஓட்டோவிலை ஏத்திக்கொண்டு வா."

அவள் கான் மூடியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன். பால் நிராகரிக்கப்பட்டவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கோபம் இருக்கும், வெட்கம் இருக்கும், என்னைப் பற்றிய அபிப்பிராயமும் தெளிவாக இருக்கும். இது அந்த முகம் அல்ல. பாலைப் பற்றி அவள் கவலைப்படவே இல்லை. 'நேரில்' என்ற சொல்தான் அவளைக் கலங்கடித்தது.

மறுநாள் காலை அவள் கானைத் திறந்தேன். பால் வெள்ளை. அப்படியொரு வெள்ளையை அந்த மாரியில் நான் பார்க்கவில்லை.

"பாத்தீங்களோ மிஸ்! ஒரு சத்தம் போட்டவுடனை பால் வெளுத்திட்டுது" என்றார் தலைவர்.

மாரியில் புல் மேய்கிற ஊர்ப்பசுவின் பாலில் மஞ்சள் எங்கே? இது கடை வெள்ளை. தொழிற்சாலையில் கொழுப்பு உருண்டைகளைப் பொடியாக உடைப்பார்கள். துணுக்குகள் பெருகப் பெருக ஒளியும் கூடச் சிதறும், பால் மேலும் வெளுக்கும். குனிந்தபோது காய்ச்சிய பாலின் மணம் இலேசாக வந்தது. கானின் கழுத்தில் கரையாத ஒரு சிறு கட்டி ஒட்டியிருந்தது. பால்மா!

நேற்று அவள் பால் குறைபாடுள்ள பால், ஆனால் நேர்மையான பால். இன்று பார்வைக்கு அழகான பால், ஆனால் கலப்படம். நேற்று நாங்கள் போட்ட சத்தம்தான் அதை இப்படி மாற்றியிருந்தது.

பவுசர் வெளியே இயந்திரம் நிறுத்தாமல் நின்றது. சாரதி ஒருமுறை ஹோர்ன் அடித்தார். என் கையில் மாதிரி எடுக்கும் கரண்டி. அதை உள்ளே விட்டால் முடிவு கலப்படம் என்றுதான் வரும். வந்தால் நான் எழுதியே ஆகவேண்டும். எழுதினால் உறுப்புரிமை போகும், ஊர் முழுக்கப் பெயர் நாறும். சோதிக்காமல் தாங்கிக்குள் விட்டால், திரும்பி வரப்போவது எல்லோருடைய பால். இரண்டில் ஒன்று என்று தோன்றும் நேரத்தில்தான் விதிகளை முழுதாகப் படித்தவர்களுக்கும் பாதி படித்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். பாதி படித்தவர்களுக்குத் தண்டனைப் பகுதி மட்டும் மனப்பாடம்.

அதே விதிகளில் ஓரிடத்தில் இப்படி இருக்கிறது: மாதிரி எடுக்கும்வரை பால், கொண்டு வந்தவருக்குச் சொந்தம்.

"பிள்ளை, இந்தக் கான் விடியக் கழுவினதோ?" என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்."

"வடிவாய்க் கழுவினதோ?"

"வடிவாய்க் கழுவினனான் மிஸ்."

அவளுக்கு விளங்கவில்லை. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல பால் வந்திருக்கேக்கை என்னத்துக்கு மிஸ் விசாரணை? எடுங்கோ, பவுசர் நிக்குதெல்லே."

கரண்டியைக் கானின் வாய்வரை கொண்டுபோனேன். அதற்குமேல் கை போகவில்லை.

"நான் இன்னும் மாதிரி எடுக்கேல்லைப் பிள்ளை. எடுக்குமட்டும் இது உங்கடை பால். எடுத்தால் எங்கடை. கான் கழுவினதிலை ஏதும் சந்தேகம் இருந்தால் இப்பவே திருப்பிக் கொண்டு போகலாம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவள் என் கண்ணைப் பார்த்தாள். பிறகு கானின் கழுத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டி அவள் கண்ணிலும் பட்டிருக்கவேண்டும்.

"சந்தேகம்தான் மிஸ்" என்றாள். மூடியை அழுத்திக் கானைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

"நல்ல பாலையும் திருப்பி அனுப்பிற ஒரு உத்தியோகத்தரை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார் தலைவர்.

"கான் சுத்தம் முக்கியம் ஐயா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலும் கான் சுத்தம் முக்கியம்தான்.

அன்று பின்னேரம் பஸ் பிடித்து உடுப்பிட்டிக்குப் போனேன். சந்தேகம் இருந்தால் கறக்கிற இடத்தைப் போய்ப் பார்க்கலாம் என்பதும் விதிதான். வேலிப் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கன்று. உடம்பு மினுங்கி, வயிறு பருத்து, கலியாண வீட்டில் பந்தி முடிந்த மாப்பிள்ளைத் தோழன்போல நின்றது. ஆடை திருடுகிற வீட்டில் கன்று இப்படிக் கொழுக்காது.

கொட்டிலுக்குள் மலர் கறந்துகொண்டிருந்தாள். வீட்டில் உடுக்கும் சோட்டிக்கு மேலே ஓர் ஆணின் சேட்டு. நீளக் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள். பசு அடிக்கடி தலையைத் திருப்பி அந்தச் சேட்டை மோந்தது. கொஞ்சம் பால் இறங்கும். பிறகு அவளுடைய கையை உணர்ந்ததுபோல நிறுத்திக்கொள்ளும். அவள் எவ்வளவு இழுத்தும் வரவில்லை. கடைசியில் கைவிட்டுக் கன்றை அவிழ்த்தாள். கன்று ஒரு முட்டு முட்டியதுதான் தாமதம், மடி திறந்து கன்றின் வாயோரம் நுரை வழிந்தது.

கறவையில் முதலில் வரும் பால் மெல்லியது. கொழுப்பு மடிக்குள் தங்கி நின்று கடைசியில்தான் வரும். பழக்கமில்லாத கைக்குப் பசு அந்தக் கடைசிப் பாலைக் கொடுக்காமல் ஒளித்துவிடும். தலைவர் தேடிய ஆடை முழுவதும் அந்தக் கன்றின் வயிற்றுக்குள் இருந்தது.

"நாரிப்பிடிப்புக்காரர் எங்கை பிள்ளை?" என்றேன்.

அவள் வாளியை நிலத்தில் வைத்தாள். வேலிப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிநாட்டுக்குப் போட்டார் மிஸ். ஏஜென்சியாலை. இன்னும் போய்ச் சேரேல்லை."

அதற்குமேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. ஏஜென்சி என்றால் காசு வாங்கிக்கொண்டு கள்ளமாக ஆளனுப்பும் கூட்டம். இது எங்கள் ஊர் வழக்கம். உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் நடந்திருக்கும். வெளிநாட்டுக்குப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊருக்குச் சொல்லுவோம். முன்கூட்டிச் சொன்னால் கண்ணூறு நாவூறு பட்டுப் பயணம் தடைப்படும். அதுவரை ஆள் காய்ச்சலில் படுத்திருப்பார், கொழும்பில் அலுவலாக நிற்பார், நாரிப்பிடிப்பில் கிடப்பார்.

"கடைசியாய் எப்ப கதைச்சவர்?"

"படகிலை ஏத்தப் போறாங்களாம் எண்டு சொன்னவர். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை." சேட்டின் பையில் போன் கனத்துத் தொங்கியது. கதைக்கும்போதே அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "பிடிபட்டிருந்தாலும் ஒரு கோல் எடுக்க விடுவாங்கள்தானே மிஸ்?"

எனக்குத் தெரியாத நடைமுறைகளும் உலகத்தில் உண்டு. "விடுவாங்கள்" என்றேன்.

"பால்மா கலந்தனீங்களோ?" என்று அடுத்ததாகக் கேட்டேன்.

"ஓம் மிஸ். என்ரை பெட்டைக்குக் கரைச்சுக் குடுக்க வாங்கி வைச்சது. நிறம் வந்தால் காணும், விசாரிக்க மாட்டினம் எண்டு நினைச்சன்."

பசு கட்டியிருக்கிற வீட்டில் பிள்ளை குடிப்பது பால்மா. சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியையும் திறந்து பாருங்கள்.

"இனிமேல் கலக்கக் கூடாது. நீலமாய் இருந்தாலும் கறந்ததை அப்பிடியே கொண்டு வாங்கோ. கலப்படம் இல்லை எண்டு நான் எழுதலாம்."

"விசாரணை?"

"கூட்டத்துக்கு முன்னம் பால் சரியாய் வந்தால் விசாரணை இல்லை."

அவள் சேட்டின் கையை இழுத்துவிட்டாள். அடுத்ததை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தொழில்ரீதியாக அது மிகச் சாதாரணமான ஆலோசனை. பயிற்சி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"மாடு அவரைத் தேடுது பிள்ளை. மணம் அவரின்ரை, கை உங்கடை. அதாலை அதுக்குக் குழப்பம். சேட்டைக் கழட்டிப்போட்டு உங்கடை உடுப்போடை கறவுங்கோ. ஒரே நேரத்துக்குப் போங்கோ, உங்கடை கையாலை தவிடு வையுங்கோ. பழகிவிடும்."

"அவர் போன நாளிலையிருந்து இதைத் தோய்க்கேல்லை மிஸ்."

"தோய்க்கச் சொல்லேல்லை. கழட்டத்தான் சொல்லுறன்."

"அவர் கதைச்ச அண்டைக்குத் தோய்ச்சுப் போடுறன்" என்றாள். கோபமாக அல்ல, சாமிக்கு நேர்த்தி வைப்பதுபோல.

அதற்குப் பிறகு தினமும் நீலப் பால்தான் வந்தது. நான் தினமும் 'தரம் குறைவு, கலப்படம் இல்லை' என்று எழுதி ஒதுக்கி வைத்தேன். தலைவருக்குப் பொறுக்கவில்லை.

"ரெண்டுக்கும் என்ன மிஸ் பெரிய வித்தியாசம்?"

"ஒண்டு மாட்டின்ரை குறை. மற்றது மனிசரின்ரை குறை."

"கூட்டத்திலை ஆள் வரட்டும், ஆரின்ரை குறை எண்டு பாப்பம்."

கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய கான் வந்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதையே முதலில் திறக்கத் தொடங்கினேன். அன்ரனும் கானை என் பக்கம் தள்ளி வைத்துவிடுவார். பால் சரியாக வந்தால் அவளுடைய கணவர் போனில் கதைத்திருக்கிறார், அவள் சேட்டைத் தோய்த்திருக்கிறாள் என்று அர்த்தம். நீலமென்றால் இன்னும் இல்லை. ஒரு கான் பாலைத் திறந்து ஒரு மனிதன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கும் வேலை எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. எங்கோ ஒரு படகு கவிழ்ந்தது என்று வானொலி சொன்ன காலையில் அவளுடைய கான் வருமுன்பே வாசலில் போய் நின்றேன். அன்றும் நீலம்தான். நீலத்தைக் கண்டு நிம்மதிப்படலாமா கூடாதா என்றுகூட எனக்கு விளங்கவில்லை.

பிறகு நீலம் கரையத் தொடங்கியது. ஒரு நாளில் அல்ல, மெல்ல மெல்ல. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகித்தேன். கொழுப்புச் சோதனையும் அதையே சொன்னது. கூட்டத்துக்கு முதல் நாள் மூடியைத் திறந்தபோது, மாரிப் புல்லின் மஞ்சள் இலேசாக ஏறிய, கெட்டியான, அசல் ஊர்ப்பால் நின்றது.

"இப்பதான் பால்!" என்றார் அன்ரன்.

தலைவர் அகப்பையால் அள்ளி வெயிலில் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் பல நாளாகக் காணாத ஒரு நிம்மதி. "நல்லது பிள்ளை. இனி விசாரணை ஒண்டும் தேவையில்லை. அவரைச் சுகமாய்ப் படுக்கச் சொல்லு" என்றார். பகிடியாகத்தான் சொன்னார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பவுசர்ப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்து, அவளிடம் குனிந்து கேட்டேன்.

"கதைச்சவரோ?"

மலர் சொந்தச் சட்டையில்தான் நின்றாள். கையில் போன் இருந்தது.

"இல்லை மிஸ்" என்றாள். "கூட்டம் வருதெல்லே. போன கிழமையே சேட்டைத் தோய்ச்சுப் போட்டன். மாடு இப்ப என்ரை கைக்குப் பழகிட்டுது."

சாரதி ஹோர்ன் அடித்தார். கரண்டியை உள்ளே விட்டு மாதிரி எடுத்தேன். பால்மானி நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. கொழுப்பு தரத்துக்கு மேல். 'நன்று' என்று எழுதி ஒப்பமிட்டேன். அன்ரன் கானைக் கவிழ்த்தார். அவளுடைய பால் எல்லோருடைய பாலோடும் சேர்ந்து எந்தப் பால் எவருடையது என்று தெரியாமல் போயிற்று.

நிறம் பாலைப் பற்றி மட்டும்தான் சொல்லும். பாலைக் கொண்டு வந்தவரைப் பற்றி அதனிடம் கேட்காதீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

பெயர்களை ஏன் சொல்லவில்லை என்று இப்போது விளங்கியிருக்கும். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்த பிறகுதான் சொல்லுவோம்.